மறையும் ஏரி வழியாகக் கிளாஸ்கோ மேடைக்கு

சனிக்கிழமை, டப்ளின்

நாளை அதிகாலையில் கிளம்புகிறோம். ஈஸ்டர் வாரம் முழுவதும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடைபெறும் உலக ஐரிஷ் நடனப் போட்டியில், என்னோடு ஒரே வார்டில் செவிலியராகப் பணிபுரியும் தோழியின் பதினான்கு வயது மகள் ஆடப்போகிறாள். கடந்த இலையுதிர் காலத்தில் நடந்த லெய்ன்ஸ்டர் மாகாணப் போட்டியில் தகுதி பெற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. இந்தப் பயணத்தில் கார் ஓட்டுவதில் பாதி என் பங்கு. அவளுடைய பாதங்களைக் கவனித்துக்கொள்வது முழுக்க முழுக்க என் பொறுப்பு.

அந்தப் பாதங்களைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். இன்று கடைசி வகுப்பு முடிந்து வந்ததும் தொட்டி நீரில் காலை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல்களின் பக்கவாட்டிலும் காய்த்துப்போன தோல், வலது குதிகாலின் பின்புறம் உடைந்து உலர்ந்த கொப்புளம், இடது காலின் சுண்டுவிரல் நகம் பாதி கறுத்திருக்கிறது. முன்னங்கால் எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். எங்கும் வலி என்று அவள் சொல்லவில்லை. நிமிர்ந்த உடலோடு குதித்துக் குதித்து இறங்கும் இந்த நடனத்தில் எலும்பில் மயிரிழைபோல விரிசல் விழுவது அரிதல்ல. அந்த ஓரிடத்தைத்தான் நான் பயந்து பயந்து தேடுவேன்.

மாலையில் பார்னெல் சதுக்கம் வரை நடந்துவிட்டு வந்தோம். 1970-இல் முதல் உலகப் போட்டி அங்கேதான், கலாஷ்டெ வுரா என்ற பள்ளியில் நடந்தது. ஐரிஷ் மொழியையும் கலைகளையும் மீட்டெடுக்க 1893-இல் தொடங்கிய கேலிக் கழகம், 1930-இல் நடனத்துக்கென்று ஓர் ஆணையத்தை அமைத்தது. ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் தேர்வு வைத்துச் சான்று தருவது, எந்த ஆட்டம் எந்த வேகத்தில் ஆடப்பட வேண்டும் என்று வரையறுப்பது, இந்த உலகப் போட்டியை நடத்துவது எல்லாம் அந்த ஆணையத்தின் பணி. அதற்கும் முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டில், ஊர் ஊராகச் சென்று ஆடக் கற்றுக்கொடுத்த நடன ஆசான்கள் இருந்தார்கள். மண்தரையில் காலோசை எழாது என்பதால் வீட்டுக் கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி அதன்மேல் ஆடவைத்ததாகச் சொல்வார்கள்.

நம்மில் பலருக்கு ஐரிஷ் நடனம் என்றால் ரிவர்டான்ஸ்தான் நினைவுக்கு வரும். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினின் பாயின்ட் அரங்கில், யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையை நிரப்ப ஆடப்பட்ட சில நிமிட ஆட்டம் அது. அன்று முன்னின்று ஆடிய மைக்கேல் பிளாட்லி, 1975-இல் இதே உலகப் போட்டியில் வென்றவர். மேடைக் காட்சியில் கைகள் விடுதலை பெற்றுவிட்டன. போட்டியில் இன்னும் பெறவில்லை: தோளிலிருந்து விரல் நுனிவரை கைகள் உடலோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆடத் தெரிந்ததையெல்லாம் இடுப்புக்குக் கீழே மட்டும் காட்டியாக வேண்டும் என்ற இந்த நெருக்கடிதான் கால்களை இத்தனை நுட்பமானவையாக ஆக்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போட்டியின் ஒழுங்கு இதுதான். முதலில் எல்லோரும் இரண்டு ஆட்டங்கள் ஆடுவார்கள். ஒன்று கனத்த காலணியோடு, மற்றொன்று மென்காலணியோடு. நடுவர்களின் புள்ளிகளைக் கூட்டி, பட்டியலின் மேற்பகுதியில் இருப்பவர்களை மட்டும் மூன்றாவது ஆட்டத்துக்குத் திரும்ப அழைப்பார்கள். அந்த மூன்றாவதற்கு ‘செட்’ என்று பெயர். ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்த பாட்டு, தனித்தனி அடவமைப்பு, மேடையில் தனியொருத்தியாக நின்று ஆட வேண்டும். இவள் ஆடவிருக்கும் செட்டின் பாட்டுக்கு ‘மறையும் ஏரி’ என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை, ஆன்ட்ரிம் கடற்கரையும் கப்பலும்

பெல்ஃபாஸ்ட் துறைமுகத்துக்கு நேராகப் போயிருந்தால் பயணம் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், பாலிகாசில் ஊரிலிருந்து குஷெண்டனுக்குப் போகும் மலைச்சாலையில் லாஹரீமா என்றோர் ஏரி இருக்கிறது. அதற்கு மக்கள் வழங்கும் பெயரும் மறையும் ஏரி என்பதுதான். மாதக்கணக்கில் அந்தப் பெயருள்ள பாட்டுக்கு ஆடிவிட்டு, அந்த ஏரியைப் பார்க்காமல் மேடையேற மாட்டேன் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், வடக்கே சுற்றிக்கொண்டு போய் லார்ன் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதென்று முடிவானது.

ஏரியை அடைந்தபோது காற்று கார்க்கதவைத் திறக்கவிடவில்லை. முந்தைய நாட்களில் பெய்த மழையால் நீர் சாலையோர வேலிவரை ஏறி நின்றது. ஓடைகள் வந்து விழும் இந்தப் பள்ளத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதிலுள்ள துளை வழியாக நீர் பூமிக்குள் இறங்கிவிடும். கரியநிற மட்கு மண் துளையை அடைத்தால் ஏரி நிறையும். அடைப்பு விலகினால் வெறும் சேறு மட்டும் மிஞ்சும். 1898-இல் ரயிலைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த கர்னல் மக்நீல் என்பவரின் குதிரை வண்டி, நீர் மூடியிருந்த பழைய சாலையில் இறங்கி, அவரும் வண்டியோட்டியும் குதிரைகளும் மூழ்கிப்போனார்கள்.

அவள் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு காருக்குள் வந்து, காலணி இல்லாமலேயே, கார்த் தரையில் பாதங்களால் செட்டின் தொடக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். எட்டு அளவுகள், அதாவது எட்டுத் தாளச் சுற்றுகள், இசை மட்டும் ஒலிக்கும். அதன்பின் வலது காலால் முதல் அடி. அந்த எட்டு அளவுகளுக்கு என்ன நினைத்துக்கொண்டு நிற்பது என்று இதுவரை தெரியவில்லை, இனி இந்தத் தண்ணீரை நினைத்துக்கொள்வேன் என்றாள். அவளுடைய தாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். இருவருமே எதுவும் பேசவில்லை.

லார்னிலிருந்து ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்ரையன் துறைமுகத்துக்கு இரண்டு மணி நேரக் கடல். கப்பலின் உணவுக்கூடத்தில் எங்கு பார்த்தாலும் இந்தப் போட்டிக்குப் போகும் குடும்பங்கள்தான். உறையிட்ட ஆடைகள் நாற்காலி முதுகில் தொங்கின. பொய்க்கூந்தல் பெட்டிகளைத் தாய்மார்கள் மடியிலிருந்து இறக்கவேயில்லை. கப்பல் ஆடிக்கொண்டிருந்ததையும் பொருட்படுத்தாமல், படிக்கட்டின் அருகே ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவன் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு டிரெபிள் பழகினான். காலை முன்னே வீசும்போது ஒருமுறையும் பின்னிழுக்கும்போது ஒருமுறையும் முன்னங்காலால் தரையை உரசித் தட்டி, பிறகு ஊன்றுவதற்கு அந்தப் பெயர். கனத்த காலணி ஆட்டம் அனைத்தும் அந்த ஓர் அசைவின்மேல் எழுந்து நிற்கிறது.

திங்கட்கிழமை, கிளாஸ்கோ

2010, 2016, 2018 ஆகிய ஆண்டுகளிலும் இந்தப் போட்டியை ஏற்று நடத்திய நகரம் இது. பஞ்சக் காலத்தில் கடல் கடந்து வந்த ஐரிஷ் மக்களின் வழிவந்தவர்கள் இங்கே ஏராளம். அதனால் இந்த நடனம் இங்கே விருந்தாளியாக வரவில்லை. பியூகானன் தெருவின் உச்சியில், அகன்ற கற்படிகளுக்கு மேலே, 1990-இல் திறக்கப்பட்ட ராயல் கான்செர்ட் ஹால் நிற்கிறது. அந்தப் படிகளில் இன்று மாலை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று பல நாட்டு நடனப் பள்ளிகளின் மேலங்கி அணிந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கால் பார்த்து மற்றவர் பள்ளியை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

அவளுடைய ஆசிரியை விடுதி அறைக்கு வந்து, கட்டிலை நகர்த்தச் சொல்லி, பலகை விரித்து, இடது கால் அடிகளை மட்டும் ஆடச் சொன்னார். ஒவ்வொரு அடித்தொகுப்பையும் வலது காலில் தொடங்கி ஒருமுறை, அதையே இடது காலில் தொடங்கி மறுமுறை ஆட வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் ஒரு பக்கம் மெலிந்தே இருக்கும், நடுவர் தேடுவதும் அந்தப் பக்கத்தைத்தான் என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டார். இனி ஆடக்கூடாது, தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குதிகாலுக்கு மெல்லிய பஞ்சுப்பட்டை ஒட்டி, அதன்மேல் தோல்நிற டேப் சுற்றினேன்.

செவ்வாய்க்கிழமை, போட்டி நாள்

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

விடியும் முன்பே ஒப்பனை தொடங்கிவிட்டது. மேடை விளக்கில் கால் தசை தெரிய வேண்டும் என்பதற்காக முந்தின இரவே பழுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். முட்டிக்குக் கீழே வரும் வெள்ளைக் காலுறை நழுவாமலிருக்க, உருட்டிப் பூசும் பசையை ஆடுசதையைச் சுற்றித் தடவி, உறையை இழுத்து, இருபது எண்ணும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை என்னிடம் விட்டார்கள். கனத்த காலணியின் வாரைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தாய் இறுக்கிச் சுற்றினார். நுனியிலும் குதியிலும் கண்ணாடியிழைக் கட்டைகள் பொருத்திய காலணி அது. முன்காலத்தில் ஆணி அடித்த தோல்தான் இருந்ததாம். ஆடை வேறொரு பெண் அணிந்து விற்றது. புதிதாகத் தைத்தால் ஆயிரம் யூரோவைத் தாண்டும் என்பதால் இப்படிக் கைமாறுவது இங்கே வழக்கம். மணிகளும் பின்னல் கோலங்களும் நிறைந்த அந்த ஆடையின் எடையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, இவ்வளவையும் சுமந்துகொண்டு ஒரு குழந்தை காற்றில் எழ வேண்டுமா என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. நடுவர் பார்க்க வேண்டிய கால்களுக்கு இவற்றில் எதுவும் உதவுவதாக எனக்குத் தோன்றவில்லை; பொய்க்கூந்தலும் சாயமும் கட்டாயமில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் அணிகிறார்கள்.

முதல் சுற்று, கனத்த காலணியில் ஆடும் ஹார்ன்பைப் என்ற ஆட்டவகை. மேடையின் ஓரத்தில் அக்கார்டியனும் கீபோர்டும் வாசிக்கும் இருவர், எதிரே வரிசையாக நடுவர்களின் மேசைகள். இடுப்பில் எண் அட்டையோடு இருவர் இருவராக மேடைக்கு வருகிறார்கள். நிமிடத்துக்கு 113 தட்டுகள் என்று வேகத்தை வைத்து, நாற்பது அளவுகள் ஆட வேண்டும். கூட ஆடிய பெண் இவளைவிட உயரம். அவளுடைய பாதை குறுக்கே வந்தபோது இவள் ஒரு கணமும் தயங்காமல் உள்பக்கமாகத் திரும்பி வழியை மாற்றிக்கொண்டாள். குதிகால்களை ஆகாயத்தில் ஒன்றோடொன்று மோதவிடும் கிளிக் ஓசை இரண்டு முறையும் தெளிவாகக் கேட்டது. இடது காலிலும் கேட்டது. ஆசிரியை மூச்சை விட்டார்.

இரண்டாவது சுற்று மென்காலணியில் ஸ்லிப் ஜிக். பெண்கள் மட்டுமே ஆடுவது வழக்கமாகிவிட்ட இந்த ஆட்டத்தின் தாளம் 9/8. தகிட தகிட தகிட என்று நாவால் சொல்லிப் பார்த்தால் அதன் நடை பிடிபட்டுவிடும். மூன்றாவது தகிட முடிவதற்குள் உடல் மேலே போய்விட வேண்டும், இசை மீண்டும் முதலுக்கு வரும்போது ஓசையில்லாமல் இறங்க வேண்டும். கனத்த காலணியில் நடுவர் காதால் பார்க்கிறார். இங்கே கண் மட்டும்தான். அவள் பாதத்தின் முன்பகுதியிலேயே நின்று, குதிகால் ஒருபோதும் தரையைத் தொடாமல், முட்டிகள் ஒன்றையொன்று மறைக்க, மேடையின் முழு நீளத்தையும் ஒரே வளைவில் கடந்தாள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காக வாரத்தில் ஐந்து மாலைகளை ஓராண்டு முழுவதும் கொடுத்திருக்கிறாள்.

பிறகு காத்திருப்பு. திரும்ப அழைக்கப்படுபவர்களின் எண்களை எண் வரிசையில் வாசிப்பார்கள். உங்கள் எண்ணுக்கு அடுத்த எண் காதில் விழுந்துவிட்டால் நீங்கள் இல்லை என்று பொருள். இவளுடைய எண் வந்தது. இதே பள்ளியிலிருந்து வந்து, இவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பற்றிக்கொண்டிருந்த தோழியின் எண் வரவில்லை. அந்தப் பெண் இவளைக் கட்டியணைத்து வாழ்த்திவிட்டு, நடைபாதைக்குப் போய்த் தன் கனத்த காலணிகளைத் துணிப்பையில் வைத்துக் கட்டினாள். அவளும் ஒரு செட் தயாரித்திருந்தாள். இலையுதிர் காலத்திலிருந்து அதற்காக உழைத்திருந்தாள். அதை ஒரு மனிதரும் பார்க்கவில்லை.

இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் எல்லோரும் ஒரே தாளத்தில், ஒரே வேகத்தில், பக்கத்தில் இன்னொருவரோடு இடித்துக்கொள்ளாமல் ஆட வேண்டியிருக்கிறது. பயிற்சியும் உடல் வலிமையும் அங்கே தெரிகின்றன. ஒரு பிள்ளை இசையை எப்படிக் கேட்கிறாள் என்பது செட்டில்தான் தெரிகிறது. கடல் கடந்து, கண்டம் கடந்து, பெற்றோரின் சேமிப்பைக் கரைத்து இங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். நேரம் போதாது என்பார்கள். இத்தனை நூறு பேரைத் தனித்தனியாக ஆடவைத்தால் ஒரு வாரம் போதாது என்பது உண்மைதான். அப்படியானால் புள்ளியில்லாமல் ஆடட்டும், சிறிய மேடையில் ஆடட்டும், ஒரே ஓர் அக்கார்டியன் போதும். ஆடாமல் திரும்பக் கூடாது.

மாலையில் மூன்றாம் சுற்று. பாட்டின் பெயரையும் வேகத்தையும் அறிவித்தார்கள்: மறையும் ஏரி, 76. ஹார்ன்பைப் வகைச் செட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகம் அது. இசை மெதுவாகப் போவதால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையே திறக்கும் இடைவெளியைச் சின்னச் சின்ன ஓசைகளால் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விடும் இடத்தில் உடல் நடுங்காமல் நிற்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

அவள் மேடையின் நடுவே வந்து, வலது காலை முன்னே நீட்டி, நின்றாள். எட்டு அளவுகள். முகத்தில் எந்த அசைவும் இல்லை. முதல் அடி அத்தனை மென்மையாக விழுந்தது, பின்வரிசையில் ஒருவர் இருமியிருந்தால் கேட்டிருக்காது. அதன்பின் டிரெபிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து ஏறின. இரண்டு கால் விரல்நுனிகளிலும் எழுந்து நின்று, அந்த நிலையிலேயே ஒரு முழுத் தட்டை விட்டுவிட்டு, அடுத்த தட்டின் விளிம்பில் குதிகாலை இறக்கினாள். அந்த ஒரு தட்டின் மௌனத்தில் அரங்கம் முழுவதும் அவளோடு நின்றது. இடது காலில் அதே அடிகள் வந்தபோது, முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு டிரெபிளின் இரண்டாவது உரசல் மங்கிவிட்டது. நான் கவனித்தேன் என்றால் நடுவர்களும் கவனித்திருப்பார்கள். அடுத்துச் செட்டின் இரண்டாம் பகுதி. வலதில் மட்டும் ஒரே ஒருமுறை ஆடப்படுவது, திருத்திக்கொள்ள மறுவாய்ப்பு இல்லாதது. அதை அவள் சிரித்துக்கொண்டே ஆடினாள். பயிற்சியில்கூட அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இறங்கி வந்ததும் முதலில் காலணியைக் கழற்றச் சொன்னேன். குதிகால் டேப்பில் இரத்தம் கசிந்திருந்தது. வலிக்கவேயில்லை என்று சத்தியம் செய்தாள்.

முடிவை அறிவிக்கும் முறை விசித்திரமானது. ஒவ்வொரு நடுவரும் போடும் மதிப்பெண்ணை அப்படியே கூட்டுவதில்லை. அந்த நடுவரின் பட்டியலில் நீங்கள் முதலாவது என்றால் 100, இரண்டாவது என்றால் 75, மூன்றாவது 65, நான்காவது 60, ஐந்தாவது 56 என்று இறங்கிக்கொண்டே போகும். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே 25 புள்ளி பள்ளம். அதற்குக் கீழே படிகள் குறுகிக்கொண்டே போகின்றன. ஒரே ஒரு நடுவருக்கு மிகவும் பிடித்துவிட்டால் ஒருத்தி உயர்ந்துவிடலாம். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவள் பின்தங்கிவிடலாம். இவளுக்கு முப்பதுகளில் ஓர் இடம் கிடைத்தது. மேடையேற்றிப் பெயர் சொன்னார்கள். வென்ற பெண் தன் கோப்பையைத் தூக்க முடியாமல் தவித்தபோது இவள்தான் முதலில் கைதட்டினாள்.

புதன்கிழமை, திரும்பும் கப்பல்

ஆசிரியையும் எங்களோடு இதே கப்பலில் வருகிறார். நடுவர்கள் ஒவ்வொருவரும் போட்ட புள்ளிகள் வெளியாகிவிட்டன. கைபேசியில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே, ஸ்லிப் ஜிக்கில் இருபதுக்குள் வந்திருக்கிறாய், செட்டில் ஒரு நடுவரின் பட்டியலில் பதினொன்றாவது, மற்றொருவரிடம் ஐம்பதுக்கும் கீழே, அந்த இடது கால் டிரெபிள்தான் காரணம் என்று விளக்கினார். அடுத்த ஆண்டுக்கு வேறு பாட்டு, ஜிக் வகையில் ஒன்று எடுத்துக்கொள்வோம் என்பது அவருடைய எண்ணம். உயரம் கூடிவிட்டது, கால்கள் நீண்டுவிட்டன, பழைய அடவமைப்பு இனிப் பொருந்தாது என்கிறார். மகள் கேட்பதாயில்லை. ஏரியை விட மாட்டேன், வேண்டுமானால் இடது கால் அடிகளை மாற்றிக்கொடுங்கள் என்கிறாள். ஆசிரியை ஒரு காகிதத்தில் அளவுகளைக் கோடிட்டு, சரி, முதல் எட்டை எனக்குத் தட்டிக் காட்டு என்றார். அவள் உடனே எழுந்து நின்றாள். குறைந்தது பத்து நாட்களுக்குக் கனத்த காலணி கூடாது என்று நான் குறுக்கிட்டேன். வெறுங்காலால்தான் என்று அவள் உறுதிகூறினாள். தாய் ஜன்னலோரம் தூங்கிப்போய்விட்டார். காகிதம் பாதி நிரம்பிவிட்டது, கரை தென்படவில்லை, இருவரும் இன்னும் பதினைந்தாவது அளவிலேயே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.